மின்கலத்தின் மூப்பு

கல்லூரி விடுதியில் மாலைப் பொழுதில் ஓர் அறையினுட் புகுவார்க்கு முதற்கண் தோன்றுவது யாது? முற்காலத்து மாணவர் அறையாயின் புத்தக அடுக்கும் மேசை விளக்கும் எனலாம். இக்காலத்திலோ, சுவரிற் பதித்த பிளக் பாயிண்ட்டைச் சூழ்ந்து, தறியிற் கட்டிய கன்றுகள்போல நான்கைந்து கைபேசிகள் கிடக்கும் காட்சியே முந்துறத் தோன்றும். அவற்றுட் புதியது ஒருமுறை மின்னேற்றம் பெற்று நாள் முழுதும் உழைக்கும். மூன்றாண்டு கண்டதோ நண்பகல் மணி அடிக்குமுன்னரே சோர்ந்து மறுபடியும் சுவரை நாடும். அதனையுடைய மாணவர், "இதன் காலம் முடிந்தது, வேறொன்று வேண்டும்" என்று வீட்டாருக்குத் தெரிவிக்கின்றார். தந்தையார் ஒரு மாத வருவாயையோ, அதனினும் மிகுந்த தொகையையோ அதற்கென ஒதுக்குகின்றார். கைபேசியின் காலம் முடிந்ததா, அன்றி அதனுள் உறையும் ஒரு சிறு பொருளின் காலம் மாத்திரம் முடிந்ததா என்பதை ஒருவரும் உசாவுவதில்லை. அவ்வுசாவலை ஈண்டு ஒருவாறு செய்யப் புகுந்தாம்.

பாட்டரி என யாவரும் வழங்கும் மின்கலத்தைக் குறித்துப் பலர் உள்ளத்தில் ஒரு பிழையான எண்ணம் வேரூன்றியுள்ளது. குடத்தில் நீரை நிரப்புதல்போல அதனுள் மின்சாரத்தை நிரப்புகின்றோமென்றும், நாளடைவிற் குடம் ஓட்டையாகி நீர் ஒழுகிவிடுகின்றதென்றும் கருதுவர். அஃதன்று. மின்கலத்துள் மின்சாரம் அடைத்து வைக்கப்படுவதில்லை. அதனுள் ஒரு ரசாயன மாறுதல் நிகழுங்காலத்தில் மின்னோட்டம் பிறக்கின்றது. அம்மாறுதல் முற்றுப்பெற்றவுடன் ஓட்டமும் நின்றுவிடுகின்றது. இத்தாலிய நாட்டு வோல்ட்டா என்பார் 1800-ஆம் ஆண்டில் துத்தநாக வில்லைகளையும் வெள்ளி வில்லைகளையும் உப்பு நீரில் நனைத்த அட்டைகளையும் மாறிமாறி அடுக்கி உலகிற்குக் காட்டிய மின்னடுக்கு இவ்வகையினது. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே. தீர்ந்த மாறுதலை வெளியிலிருந்து மின்சாரம் பாய்ச்சிப் பின்னோக்கித் திருப்பலாமென்று காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே, ஆண்டு 1859. அவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திச் செய்த கலத்தின் வழித்தோன்றல்களே இன்றும் மோட்டார் வண்டிகளிற் காணப்படுவன. 1899-ல் ஸ்வீடன் நாட்டு யுங்னர் நிக்கல், காட்மியம் என்னும் உலோகங்களைக்கொண்டு மற்றொருவகைக் கலம் சமைத்தார். சார்ஜ் செய்தல் என்று நாம் கூறுவதெல்லாம் இவ்வாறு மாறுதலைப் பின்னோக்கித் திருப்புதலேயாம்.

திருப்பப்படும் மாறுதல் ஒவ்வொரு முறையும் முற்றிலும் பழைய நிலைக்கே வந்து சேருமாயின் மின்கலத்திற்கு மூப்பே இராது. வந்து சேர்வதில்லை என்பதே நம் கதை.

இன்று கைபேசியினும் மடிக்கணினியினும் உள்ளது லிதியக் கலம். லிதியம் உலோகங்களிலெல்லாம் இலேசானது; மண்ணெண்ணெயிலும் மிதக்கும். 1970-க்குப் பிந்திய பத்தாண்டில் ஸ்டான்லி விட்டிங்காம் என்பார் லிதிய உலோகத்தை ஒரு முனையாகவும் டைட்டானியக் கந்தகக் கூட்டுப்பொருளை மறுமுனையாகவும் வைத்துக் கலம் அமைத்தார். அது நன்கு உழைத்தபோதிலும், தனி உலோகமாக நின்ற லிதியம் தீப்பற்றும் இயல்பினதாயிற்று. 1980-ல் ஆக்ஸ்போர்டிலிருந்த ஜான் குட்இனஃப் என்பாரும் அவர்தம் துணைவரும் கோபால்ட் ஆக்ஸைடு நேர்முனைக்கு மிகப் பொருந்துவதெனக் கண்டனர். 1985-ல் ஜப்பானியராகிய அகிரா யோஷினோ உலோக லிதியத்தை அறவே விலக்கி, எதிர்முனையில் பெட்ரோலியக் கரியை வைத்துக் கலத்தைச் சாதுவாக்கினார். 1991-ல் சோனி கம்பெனியார் இதனை விலைக்குக் கொணர்ந்தனர். 2019-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு இம்மூவர்க்கும் கிடைத்தது. அப்பொழுது குட்இனஃபுக்கு வயது 97. அவரினும் முதியர் எவரும் அப்பரிசைப் பெற்றதில்லை. 2023-ல் நூறாவது வயதில் அவர் மறைந்தார். மூப்பைப்பற்றிய கட்டுரையில் இதனைக் கூறாது விடுதல் தகாதென்று தோன்றிற்று.

கலத்தின் உள்ளமைப்பு எளியது. மெல்லிய செப்புத் தகட்டின்மேற் கிராபைட் பூசப்பட்டிருக்கும். பென்சிலால் எழுதுங்கால் தாளிற் படியும் கரியே கிராபைட். மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ் முதலியவற்றின் ஆக்ஸைடு பூசப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு, நுண்துளைகளையுடைய பிளாஸ்டிக் தாளொன்று இடையில் விரிக்கப்பட்டிருக்கும். மூன்றையும் பாய்போற் சுருட்டி, லிதிய உப்புக் கரைந்த ஒரு திரவத்தில் நனைத்து உறையிலிடுவர். மின்னேற்றுங்கால் லிதிய அயனிகள் ஆக்ஸைடினின்று புறப்பட்டுத் திரவத்தைக் கடந்து கிராபைட்டின் ஏடுகளுக்கிடையே சென்று தங்கும். கரியணு ஆறுக்கு லிதியம் ஒன்று என்பது அங்குள்ள இடக்கணக்கு. பயன்படுத்துங்கால் அவை வந்த வழியே மீளும். அவை உள்ளே மீளும்பொழுது எலக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாக ஓடுகின்றன. அவ்வோட்டமே கைபேசியை இயக்குவது. முன்னும் பின்னும் ஆடும் இக்கலத்தை மேனாட்டார் ஆடும் நாற்காலிக்கு ஒப்பிடுவர். நமக்கு ஊஞ்சல் என்றால் விளங்கும்.

இனி மூப்பு நிகழுமாற்றைக் காண்பாம். லிதியம் நிறைந்த கிராபைட் மிக்க வேகமுள்ள பொருள். தன்னைத் தொடும் திரவத்தைச் சிதைக்கும் இயல்பினது. ஆதலின் முதன்முறை மின்னேற்றும்பொழுதே திரவத்தின் ஒரு பகுதி சிதைந்து, கிராபைட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. அதன் கனம் ஒரு மயிரிழையின் ஆயிரத்திலொரு பங்கு அளவேயாகும். இப்படலம் தீமையே என்று எண்ணற்க. அது லிதிய அயனியை உள்ளே விடும். எலக்ட்ரானை வெளியே விடாது. இக்காவல் இன்றேல் திரவம் முழுதும் சின்னாட்களிற் சிதைந்து கலம் பாழாம். ஆனால் அக்காவலன் கூலியின்றி நிற்பதில்லை. படலம் லிதியத்தைக்கொண்டே கட்டப்படுகின்றது; அதிற் சிக்கிய லிதியம் மறுபடி ஊஞ்சலில் ஏறுவதில்லை. தொழிற்சாலையில் முதல் மின்னேற்றம் செய்யும்பொழுதே கலத்திலுள்ள லிதியத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குவரை இதற்குச் செலவாகிவிடும்.

அதனோடு நில்லாது. லிதியம் உட்புகுங்கால் கிராபைட் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு பருக்கின்றது, வெளியேறுங்கால் சுருங்குகின்றது. பருத்துச் சுருங்குதலாற் படலம் ஆங்காங்கே விரிசல் காணும், விரிசல்வழிப் புதிய கிராபைட் வெளிப்படும், அதனைத் திரவம் தொடும், மறுபடியும் படலம், மறுபடியும் லிதியச் செலவு. புதிய பூச்சு இல்லாமலே பழைய சுவரைச் செப்பனிட முடியாததுபோல என்க.

இச்செலவு எவ்வளவு சிறிது, எவ்வளவு பெரிது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். பரீட்சையில் நூற்றுக்கு 99 வாங்கிய மாணவரை நாம் முதல்வர் என்று கொண்டாடுகின்றோம். ஒவ்வொரு சுற்றிலும் நூறில் 99 பங்கு லிதியத்தைக் காத்துத் தரும் கலம் உளதாயின், 500 சுற்றின் முடிவில் அதனிடம் மிஞ்சுவது நூறில் ஒரு பங்குகூட இராது. 99.9 பங்கைக் காப்பதாயின் 61 மிஞ்சும். நூறில் 80 மிஞ்சவேண்டுமாயின் ஒவ்வொரு சுற்றிலும் பதினாயிரத்தில் ஏறத்தாழ நான்கரைப் பங்குக்குமேல் இழக்கலாகாது. விலைக்கு வரும் நல்ல கைபேசிக் கலங்கள் பல ஆண்டுகளாக இந்த 500 சுற்று, 80 பங்கு என்னும் அளவையே எட்டி வந்திருக்கின்றன. அண்மையில் வந்தவற்றுட் சில ஆயிரம் சுற்றும் தாங்கும். மூன்றாண்டிற் சோர்ந்த கைபேசியை நாம் பழிக்கின்றோம். பதினாயிரத்தில் நான்கைந்து மாத்திரம் பிழைக்கும் பணியாளர் நம்முள் எத்துணையர் உளர்?

சுற்று என்பதையும் ஈண்டு விளக்கல் வேண்டும். பிளக்கிற் செருகுந்தோறும் ஒரு சுற்றுக் கழிகின்றதென்று சிலர் அஞ்சுவர். அவ்வாறன்று. இன்று பாதியும் நாளைப் பாதியும் செலவிட்டு நிரப்பினால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. அடிக்கடி சிறுகச் சிறுக ஏற்றுதலாற் கேடில்லை.

பயன்படுத்தாமல் பெட்டியிற் பூட்டி வைத்தால் மூப்பைத் தவிர்க்கலாமோ எனின், அதுவும் இயலாது. கலம் சும்மா கிடக்கும்பொழுதும் படலம் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டேயிருக்கும். இதனை விரைவிப்பன இரண்டு: ஒன்று வெப்பம், மற்றொன்று நிறைவு.

வெப்பம் ரசாயன மாறுதலை விரைவிக்கும் என்பதை 1889-ல் அரீனியஸ் என்னும் ஸ்வீடன் நாட்டறிஞர் சூத்திரமாக்கினார். பத்துப் பாகை உயர்ந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நம் சோதனைச்சாலையிற் பயிலும் இளைஞர் யாவரும் அறிந்த பொதுக்கணக்கு. ஆப்பிள் கம்பெனியார் தம் கைபேசியைப் பயன்படுத்தத் தக்க சூழல் 0 முதல் 35 பாகை செண்டிகிரேட் என்று குறிக்கின்றனர். நம் ஊர்ச் சித்திரை வைகாசி வெயில் வீட்டுத் திண்ணையிலேயே அவ்வெல்லையைக் கடந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறத்தைக் கூறவேண்டுவதில்லை. குளிர்நாட்டவர்க்கு நான்காண்டு உழைக்கும் கருவி நமக்கு அவ்வளவு உழையாதிருத்தற்கு இது ஒரு காரணம்.

நிறைவின் தீங்கு பலர் அறியாதது. நூறு என்று காட்டும் கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அளவில் நிற்கும். அந்நிலையில் எதிர்முனை லிதியத்தால் நிரம்பித் திரவத்தைச் சிதைக்கும் வேகம் மிகுந்திருக்கும். நேர்முனையோ தன் லிதியத்தை இழந்து நிலைகுலைந்து நிற்கும். கோபால்ட் ஆக்ஸைடினின்று பாதியளவு லிதியத்தையே எடுக்கலாம்; அதற்குமேல் எடுத்தால் அதன் அடுக்கமைப்பே இடியத் தொடங்கும். ஆதலின் நூறு என்னும் இலக்கம் நம் கண்ணுக்கு ஆறுதலாயினும் கலத்திற்கு அஃது ஒரு நெருக்கடி. பாதியளவு ஏற்றிக் குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வைத்த கலம் நூற்றுக்குச் சில பங்கே இழக்கும். நிறைய ஏற்றி 40 பாகை வெப்பத்தில் ஓராண்டு வைத்தது மூன்றில் ஒரு பங்களவு இழந்துவிடும். இரவு முழுதும் கைபேசியைத் தலையணையின்கீழ் மின்னேற்றத்தில் வைத்து உறங்குவோர் வெப்பத்தையும் நிறைவையும் ஒருங்கே அதற்கு ஊட்டுகின்றனர். படுக்கை தீப்பற்றும் அபாயம் வேறு. விடுதிக் காப்பாளர் இதனைக் கடிவது வீண் கண்டிப்பன்று.

கொள்ளளவு குறைதல் மூப்பின் ஒரு முகமே. மற்றொரு முகம் உட்தடை மிகுதல். கருவி முப்பது பங்கு உண்டென்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, படம் எடுக்க முயன்றவுடன் திடீரென்று அணைந்துவிடுவதை முதிர்ந்த கைபேசியுடையார் பலர் கண்டிருப்பர். எண்ணெய் உள்ளபோதே விளக்கு அணைந்தாற்போன்ற இந்நிகழ்ச்சிக்குக் காரணம் ஓம் என்பாரின் விதியே. 3.6 வோல்ட்டில் நிற்கும் ஒரு கலத்தின் உட்தடை புதிதில் 0.1 ஓம் என்றும், படலம் தடித்தபின் 0.3 ஓம் என்றும் கொள்வோம். கருவி ஒரு கணம் 2 ஆம்பியர் மின்னோட்டம் கேட்கின்றது. புதிய கலத்தில் 0.2 வோல்ட் குறைந்து 3.4 நிற்கும், பழையதிலோ 0.6 குறைந்து 3.0 ஆகிவிடும். 3.2-க்குக் கீழ் அக்கருவி இயங்காதெனின், கலத்தில் லிதியம் எஞ்சியிருந்தும் கருவி அணையும். திரையிற் காணும் நூற்றுவீதமும் நேரே அளந்ததன்று. உட்சென்ற மின்சாரத்தையும் வெளிச்சென்றதையும் எண்ணி மதிப்பிட்டது. முதிர்ந்த கலத்தின் நூறு, புதியதன் எழுபதாகவும் இருக்கலாம்.

இவ்வுட்தடையின் பொருட்டு எழுந்த பெரிய வழக்கொன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 2016-ல் ஐபோன் 6, 6எஸ் முதலிய கைபேசிகள் இவ்வாறு திடீரென்று அணைவதாக முறையீடுகள் எழுந்தன. 2017 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனியார் ஒரு புதிய மென்பொருளை அனுப்பினர். அது மூத்த கலத்தையுடைய கைபேசியின் வேகத்தைக் குறைத்து, ஒரே கணத்தில் மிகுந்த மின்னோட்டம் கேளாதவாறு செய்தது. பொறியியல் நோக்கிற் பார்த்தால் இதில் அறிவீனம் ஒன்றுமில்லை. கிழவரை ஓடச்சொல்லாமல் நடக்கச் சொல்வதை ஒக்கும். பிழை யாதெனில், உடையவர்க்கு அதனைத் தெளிவாய் அறிவியாமையே. கைபேசி மந்தமாயிற்று, பழசாயிற்று என்றெண்ணிப் பலர் புதியது வாங்கினர். அவ்வாண்டு டிசம்பரில், கலத்தை மாற்றியவுடன் பழைய வேகம் மீண்டதைச் சிலர் அளந்து வெளியிட்டனர். கம்பெனியார் உண்மையை ஒப்பி மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராயிருந்த கலமாற்றுக் கட்டணத்தை 2018 முழுதும் 29 டாலராகக் குறைத்தனர். 2020-ல் பிரெஞ்சு அரசாங்கம் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்க வழக்கு 50 கோடி டாலர்வரை தர இசைந்து தீர்க்கப்பட்டது.

இவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. 2019 ஜனவரியில் அக்கம்பெனித் தலைவர் தம் பங்குதாரர்க்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவு புதிய கைபேசிகள் விற்கவில்லை என்று கூறி, அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்றாகக் குறைந்த கட்டணத்திற் பலர் கலத்தை மாற்றிக்கொண்டமையையும் குறித்தார். விற்பவர் வாயாலேயே வந்த சாட்சி இது. மாற்றியவர்க்கு அக்கைபேசி மேலும் உழைத்தது. முடிந்திருந்தது கலத்தின் காலமே.

மின்கலத்தைப் பேணும் முறையில் நம்மவர் கொண்டுள்ள சில வழக்கங்கள் வேறு கலங்களிடமிருந்து வழிவழி வந்தவை. புதிய கைபேசியை முதலில் எட்டுமணி நேரம் மின்னேற்றவேண்டும், முற்றிலும் தீர்ந்தபின்னரே மறுபடி ஏற்றவேண்டும் என்று கடைக்காரர் இன்றும் கூறக் கேட்கின்றோம். அது நிக்கல் கலத்திற்கு உரைத்த மருந்து. நிக்கல் காட்மியக் கலத்தைப் பன்முறை ஒரே அளவில் அரைகுறையாகப் பயன்படுத்தி வந்தால் அவ்வளவையே அது எல்லையாகக் கொண்டுவிடும். ஆதலின் இடையிடையே முற்றத் தீர்த்தல் அதற்கு நன்மையாயிற்று. மோட்டார் வண்டியின் ஈயக் கலமோ எப்பொழுதும் நிறைந்திருத்தலையே விரும்பும். தீர்ந்து கிடந்தால் அதன் தகடுகளிற் கந்தகப் படிவு இறுகிவிடும். லிதியக் கலம் இரண்டையும் விரும்பாது. இருபதுக்குக் கீழே இறங்காமலும் எண்பதுக்குமேல் ஏறாமலும் நடுவில் நிற்பதே அதற்கு உகந்தது. இக்காலக் கைபேசிகள் பலவற்றில் எண்பதோடு மின்னேற்றத்தை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. அதனைத் தேடி அமைத்துக்கொள்ளலாம். ரயிலில் நெடும்பயணம் போகுங்கால் நூறுவரை ஏற்றிக்கொள்வதில் குற்றமில்லை. கருவி நமக்காகவேயன்றி நாம் கருவிக்காக அல்லவே.

மூப்பின் கடைசி அடையாளம் வீக்கம். சிதைந்த திரவம் வாயுவாகிக் கலத்தின் மென்மையான உறையை உப்பச் செய்யும். கைபேசியின் முதுகு பிளந்தாற்போல் எழும்பும். அதனை அழுத்தி மூடுதலும், ஊசியாற் குத்தி வாயுவை வெளியேற்றுதலும் பேராபத்து. உள்ளிருக்கும் திரவம் எரியக்கூடியது. அத்தகைய கலத்தை மறுபடி மின்னேற்றாமல், குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். நம் நாட்டில் 2022-ல் வந்த மின்கலக் கழிவு விதிகள், விற்ற கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேலேயே வைத்துள்ளன. கோபால்ட்டும் லிதியமும் குப்பைமேட்டில் எறியத்தக்க மலிவுப் பொருள்களல்ல.

முற்காலக் கைபேசியின் முதுகை நகத்தாற் கழற்றிக் கலத்தை மாற்றலாயிருந்தது. பின்னர் மெலிவையும் நீர்புகாமையையும் காரணங்காட்டிக் கலத்தைப் பசையிட்டு ஒட்டிவிட்டனர். அக்காரணங்கள் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும் மூன்றாண்டில் மூப்பதை, பத்தாண்டு உழைக்கவல்லதனோடு பிரிக்கவொண்ணாது ஒட்டுதல் யாருக்கு நன்மை என்பது வெளிப்படை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய சட்டம் 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் கலத்தை உடையவரே கழற்றி மாற்றத்தக்கதாக இருக்கவேண்டுமென்று பொதுவிதியாகக் கூறுகின்றது. 2025 ஜூன் முதல் அங்கு விற்கும் கைபேசிகளின் கலம் 800 சுற்றுக்குப் பின்னும் 80 பங்கு தாங்கவேண்டும் என்ற விதியும் நடைமுறையில் உள்ளது.

எம் துறையில் 2012-ல் வாங்கிய மடிக்கணினி ஒன்று சில ஆண்டுகளுக்குமுன் பத்து நிமிஷங்கூட நில்லாது அணைந்தது. காட்டிய கடையில், உட்பலகை கெட்டது, இனி இதனால் பயனில்லை என்றனர். மாணவர் இருவர் அதன் பழைய பாட்டரிப் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்தனர். அத்தகைய பெட்டிகளுள் விரல்போன்ற உருளைக் கலங்கள் ஆறு இருக்கும். தொடராக இணைந்தவற்றுள் மிகவும் மெலிந்தது எதுவோ அதன் அளவே முழுப் பெட்டியின் அளவாகும். புதிய பெட்டியொன்று தருவித்துப் பொருத்தினோம். விலை புதிய கணினியின் விலையில் பத்திலொரு பங்கும் இல்லை. அக்கணினி இப்பொழுது சோதனைச்சாலையின் மேற்குச் சன்னலருகே இருக்கின்றது. முதலாண்டு மாணவர் தம் அளவைகளை அதிலேயே பதிகின்றனர். சன்னல் வெயில் அதன்மேற் படாதவாறு திரையிட்டிருக்கின்றோம்.